எழுத்துக்கு மூன்று வெள்ளி

பித்தளைப் பலகையில் வெட்ட
எழுத்துக்கு மூன்று வெள்ளி என்றார்
கார்னர்வன் தெரு ஊய் கெங் சுவான்.
மெய்யெழுத்தின் புள்ளிக்கும் காசு உண்டா என்றேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் தாளைத் தலைகீழாகப் பார்த்தார்.
"குத்து ஒன்றுதானே, சேர்த்துக்கொள்."

நிலையத்துக்கு இந்த ஆகஸ்டில் வயது தொண்ணூற்று நான்கு.
நூறு வரை காத்திருக்க
கூரைக்குப் பொறுமையில்லை.

தெலுக் பஹாங் கரையில் பச்சைக் கதவு.
கொட்டகைக்குள்ளிருந்து இரண்டு தண்டவாளம்
நேரே கடலுக்குள் இறங்கிப் போகும்.
நீர் வற்றும் நாளில்தான்
சிப்பி அப்பிய அதன் முனை தெரியும்.

குழு எனக்குக் கொடுத்த வேலை:
பதினேழு பதிவேடு. படித்து
எத்தனை உயிர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.
பலகையில் அந்த எண் ஏறும்.

முதல் ஒன்பது ஆங்கிலம், சாய்ந்த கையெழுத்து.
மற்றவை மலாய், நிமிர்ந்த கையெழுத்து.
ஓரத்தில் மட்டும் சில ஆண்டுகள்
பென்சிலில் தமிழ்.

படகை இறக்கி ஏற்றும் வின்ச்சைச் சுற்றியவர்.
ஆள் குறைந்தால் துடுப்பும் போடுவார்.
சம்பளப் பட்டியலில் 'கூலி, எண் நான்கு'.
ஒரே ஒரு பக்கத்தில் பெயர்:
தெ. பொன்னுரங்கம்.

நடுப்பக்கம் சொல்கிறது:
அதிகாலை 3.40. சம்பான் கவிழ்ந்தது. மூவர் மீட்பு.
ஓரம் சொல்கிறது:
"நாலு. நாலாவது சேவல்.
கூடையோட தூக்கினோம். கரை ஏறினதும் கூவிச்சு.
விடிய இன்னும் நேரம் கெடக்கு, அதுக்கென்ன தெரியும்."

நடுப்பக்கம்: வெளிச்சம் கண்டதாகத் தகவல். தேடல். யாருமில்லை.
ஓரம்: "போய்ப் பாத்தோம். நிலா."

எண்ணி முடித்தேன்.
மீட்பு, இருநூற்றுப் பன்னிரண்டு.
யாருமில்லை,
ஆயிரத்து முந்நூற்று ஆறு.

பென்சிலுக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடித்திருக்கின்றன.

"போய்ப் பாத்தோம். சுமத்திராக் காத்து. ஹாஷிம் வாந்தி. நானும்."
"போய்ப் பாத்தோம். காணாமப் போன ஆளு வீட்ல தூங்குறான்.
அவன் சம்சாரம் காப்பி குடுத்தா."
"போய்ப் பாத்தோம். தென்னமட்டை."
"போய்ப் பாத்தோம். தென்னமட்டை."
"இன்னிக்கு மட்டை இல்ல. பிந்திட்டோம்."

பிறகு நாலு மாதம்
ஓரம் வெறுமை.
நடுப்பக்கத்தில் படகு போகிறது, வருகிறது,
யாரோ ஒழுங்காக நேரம் குறிக்கிறார்.

ஐந்தாம் மாதம், மை போல அழுத்தி:
"போய்ப் பாத்தோம். தென்னமட்டை.
நல்லது."

நான் ஏட்டை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன்.
லோகவர்மனும் தியோவும் ஃபைபர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
ஃபெரிங்கியில் ஜெட் ஸ்கிக்குப் பெட்ரோல் தீர்ந்து
ஒருவர் மிதக்கிறாராம், தொலைபேசி வந்தது.
பாதி சோப்போடு கிளம்பினார்கள்.
அதற்குள் அவரே கை நீட்டி
வேறொருவர் கயிற்றில் கரை சேர்ந்துவிட்டார்.
திரும்பி வந்து
மிச்ச சோப்பைக் கழுவினார்கள்.

குழுவில் சொன்னேன்,
ஆயிரத்து முந்நூற்று ஆறையும் போடலாமே.
விழாவாச்சே, என்றார் தலைவர் ரோஸ்லினா,
இல்லாததை எதற்கு எண்ண வேண்டும்?
அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.
மலாய், ஆங்கிலம், சீனம் ஏறிய பிறகு
கையில் இருந்தது இருபத்திரண்டு வெள்ளி.
தமிழில் ஏதாவது சின்னதாக, என்று விட்டுவிட்டார்கள்.

போய்ப் பாத்தோம்.
விரல் விட்டு எண்ணினேன். ஏழு எழுத்து.
'பார்த்தோம்' என்றல்லவா வரவேண்டும், என்றார்
பொருளாளர் வடிவழகி, ஆசிரியையாக இருந்தவர்.
ர் போட்டால் இருபத்துநான்கு, என்றேன்.
பையைத் திறந்தார். இரண்டு வெள்ளியைத் தொட்டார்.
மூடிக்கொண்டார். "அவர் எழுதினபடியே இருக்கட்டும்."

கெங் சுவானுக்குத் தமிழ் படம்.
சுழியைச் சுழியாக, கொம்பைக் கொம்பாக வெட்டினார்.
ம்-முக்குப் புள்ளி குத்திவிட்டு
பித்தளைத் தூளை ஊதிக்கொண்டே கேட்டார்,
என்ன எழுதியிருக்கு?

சொன்னேன்.

"போய்ப் பார்த்து? என்ன கிடைச்சது?"

பெரும்பாலும் தென்னமட்டை, என்றேன்.